பாயில் பழகிய முயல்

இமாமாக முன்னின்ற பெரியவர் சுஜூதிலிருந்து எழ வழமையைவிட நேரமெடுத்தார். அவருக்குப் பின்னால் நெற்றியை நிலத்தில் வைத்திருந்த நாங்கள் நால்வரும், எழுவதற்கான தக்பீர் ஒலிக்கக் காத்திருந்தோம். தக்பீர் ஒலிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் ஓசைதான் இருமுறை கேட்டது.

தலையை உயர்த்தினேன். பெரியவர் தொழுகையை முறித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நெற்றியைத் தடவிய விரல்களை மூக்கருகே பிடித்திருந்தார். அன்றுதான் விரித்த, பன்புல்லில் இழைத்த பன்பாயின் தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் ஊறியிருந்தது.

"பாய் நனஞ்சிரிக்கி தம்பி," என்றார் என்னிடம். குரலில் கோபம் இல்லை. "தண்ணியில்ல போல."

கதவுச் சீலைக்குப் பின்னால் வளையல்களின் ஓசை சட்டென நின்றது. அங்கே என் மனைவி றஹீமாவும், அவளுடைய உம்மாவும், தங்கை நசீறாவும் நின்றிருந்தனர். பெரியவர், நசீறாவுக்குப் பேசப்பட்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். ஊரில் அவரை ஹாஜியார் என்றே அழைத்தார்கள்.

அவர் நெற்றியில் பட்டது எங்கள் வீட்டு முயலின் சிறுநீர். அந்த முயலுக்குப் பாயில் சிறுநீர் கழிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பெண்ணுக்குரிய வீடு

இத்தொடரில் ஆசிரியப் பணியைப் பற்றி இத்தனை வாரம் எழுதியவன் இல்வாழ்வைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எழுதாததற்குக் காரணம் இருந்தது. இந்த வாரம் அதனை எழுதுகிறேன்.

இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் மணமான பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. கணவனே அவள் வீட்டுக்கு வருகிறான். பெற்றோர் மகளுக்கென ஒரு வீட்டைக் கட்டி, அதனை அவள் பெயரில் எழுதிவைத்துவிட்டுத் தாம் பின்புறத்துச் சமையற்கட்டான குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வர். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு.

எழுபதுகளின் இறுதியில் மருதமுனையிலிருந்து கல்முனைக்குடிக்கு நான் அவ்வாறுதான் வந்தேன். ஒரு பெட்டியில் உடுப்பு, இரண்டு பெட்டிகளில் இலக்கண நூல்கள். அந்நூல்களை எந்தச் சுவரோரம் அடுக்குவது என்பதைக்கூடக் கேட்டுத்தான் அடுக்கினேன்.

உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. மீனின் நடுத்துண்டு எனக்கு. சாய்ந்து உட்காரும் சாய்மனைக் கதிரை எனக்கு. மாமி, றஹீமாவின் உம்மா, என்னை "மருமகன்" என்று விளிப்பார். "நீங்க" என்றே பேசுவார். ஆனால் அந்த வீட்டின் ஓர் ஆணியை எங்கே அறைவது என்றுகூட என்னிடம் எவரும் கேட்டதில்லை.

மாமா எங்கள் திருமணத்துக்கு முன்பே மவுத்தாகிவிட்டார். நற்பிட்டிமுனைப் பக்கம் கிடந்த வயலின் வருவாயைக்கொண்டு, நசீறாவுக்கான இரண்டாவது வீட்டை மாமி தனியொருவராக எழுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் வளவுக்குள்ளேயே அதன் சுவர்கள் யன்னல் மட்டம்வரை வந்து நின்றன. அந்தப் பெண்மணியின் உறுதியை நான் அன்றும் மதித்தேன்; இன்றும் மதிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இந்தக் கதையில் குற்றவாளி அவர் அல்லர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் முதற்குழந்தை ஆசுபத்திரியிலேயே இறந்து பிறந்தது. றஹீமா வெறுங்கையோடு வீடு திரும்பினாள். நாற்பது நாள் கழிந்தும் சுவரைப் பார்த்தபடியே கட்டிலில் கிடந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "அல்லாஹ் தந்தான், அவனே எடுத்தான் புள்ள," என்பார்கள். "ஓம்," என்பாள். "சாப்பிட்டியா கிளி?" என்பார்கள். அதற்கும் "ஓம்". சோறு கோப்பையில் அப்படியே காய்ந்திருக்கும்.

கூடையில் வந்த சீவன்

என்னோடு விஞ்ஞானம் படிப்பித்த கோபாலபிள்ளை மாஸ்டர் தம்பிலுவிலைச் சேர்ந்தவர். கிழமை நாள்களில் கல்முனையில் அறையெடுத்துத் தங்கி, வாரக்கடைசியில் ஊர் போய் வருவார். ஒரு திங்கட்கிழமை காலை பன்கூடை ஒன்றை என் மேசைமீது வைத்தார். கூடை அசைந்தது.

"ஊட்டுக்குள்ள ஒரு சீவன் ஓடித்திரியட்டும் மாஸ்டர்," என்றார். "மருந்துக்கு எழும்பாதவங்க இதுக்கு எழும்புவாங்க."

சாம்பல் நிற முயற்குட்டி. காதுகள் உடம்பைவிடப் பெரியவை. அன்று மாலை அது கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. நெடுநேரம் கழித்துக் கட்டிலின் விளிம்பிலிருந்து ஒரு கை கீழே இறங்கியது. குட்டி அந்த விரல்களை முகர்ந்தது, பிறகு நக்கியது.

"இது என்ன திங்கும்?" என்று கேட்டாள் றஹீமா. பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதற்கேள்வி அது.

அவள் அதற்குப் பெயர் சூட்டவில்லை. எங்கள் பக்கத்தில் குழந்தைகளைக் கொஞ்சும் சொல்லாலேயே, "வா கிளி, இஞ்ச வா கிளி," என்று அழைப்பாள். முயலைக் கிளி என்று அழைப்பதைக் கேட்டு நசீறா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மாமி வாசற்படியில் நின்று பார்த்தார்.

"வளக்கிறெண்டா வளருங்க, மருமகன். நான் மறிக்கல்ல. ஆனா இது தொழுற ஊடு. ஒரு சொட்டு நிலத்தில விழுந்திச்செண்டா அண்டைக்கே வெளிய."

அவர் சொன்னதில் தவறில்லை. எங்கள் மத்ஹபின் சட்டப்படி, உண்ண ஆகுமான விலங்கின் சிறுநீரும் நஜீஸ், அசுத்தம்தான். அது பட்ட இடத்தில் தொழுகை கூடாது. வெளியே கூண்டில் வைக்கலாமென்றால், வளவில் கீரியும் தெருநாயும் திரிந்தன. உள்ளே வைத்துப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பழக்கிய முறை

கோபாலபிள்ளை மாஸ்டர் ஓய்வறையில் இருத்தி எனக்கு வகுப்பெடுத்தார்.

"பிழையான இடத்தில போனா ஏசாதீங்க. ஏசினா அது உங்களுக்குப் பயப்படும், இடத்தப் படிக்காது. ஈரத்தத் துணியால ஒத்தியெடுத்து, அந்தத் துணியப் பெட்டிக்குள்ள போடுங்க. தன்ட மணத்தத் தேடித்தான் அது போகும். நிலத்த வினாகிரி போட்டுத் துடையுங்க. புல்ல பெட்டிக்குப் பக்கத்திலயே வைங்க, தின்னுற இடத்திலதான் அது இருக்கும். முதல் ஒரு மூலையில அடைச்சு வைங்க. அது சரிவந்தா அறை. அறை சரிவந்தா ஊடு."

"பெட்டிக்குள்ள என்ன போடுற?"

"உமி. உங்கட ஊர்ல உமிக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். ஆலைக்குச் சாக்கோடு போனால் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை நான்கு விரல் உயரத்துக்கு அறுத்து, உமி பரப்பினேன். முயல் அதில் ஏறி இறங்கியபோதெல்லாம் உமியும் வெளியே வந்தது. சிவப்புச் சீமெந்துத் தரையில் எங்கு நடந்தாலும் உள்ளங்காலில் ஒட்டியது. ஈரப்பட்ட உமி எது, உலர்ந்த உமி எது என்று எனக்கே தெரியவில்லை. மாமியின் பார்வை என் கால்களைத் தொடர்ந்தது.

எதையும் திருத்தாமல் விடும் இயல்பு எனக்கில்லை. மூன்றாம் நாள் உமியைக் கொட்டிவிட்டு, கிழிந்த பன்பாய் ஒன்றைப் பெட்டியின் அளவுக்கு நான்கு துண்டுகளாக வெட்டினேன். ஒன்று பெட்டிக்குள், ஒன்று கிணற்றடியில் கழுவுவதற்கு, இரண்டு வெயிலில். புழுக்கையைத் தட்டினால் உதிரும். ஈரத்தைப் பாய் உறிஞ்சும். தரை கண்ணாடிபோல் இருந்தது.

றஹீமா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாயில பழக்கினா, நாளைக்கு எந்தப் பாயக் கண்டாலும் அதுக்கு ஒண்டுதானே?"

"முயல் இடத்தை அறியுமே தவிரப் பொருளை அறியாது," என்றேன். எந்த நூலிலும் அப்படி இல்லை. ஆயினும் நூலில் உள்ளதைப் போலவே சொன்னேன்.

இரண்டு வாரங்களில் மூலை, அடுத்த வாரத்தில் அறை. வால் சற்றே உயரும் கணத்தை றஹீமா என்னைவிட முன்பே கண்டுகொள்வாள். கட்டிலிலிருந்து பாய்ந்து இறங்கி, குட்டியை ஏந்திக்கொண்டு போய்ப் பெட்டியில் விடுவாள். ஒரு நாளில் முப்பது தடவை எழும்பியிருப்பாள். அவளை எழுப்ப மருத்துவரும் ஓதிப்பார்த்தவரும் முயன்று தோற்றிருந்தார்கள். ஒரு காலை, முயல் தானாகவே விறாந்தையிலிருந்து அறைக்குள் ஓடிப் பெட்டியில் ஏறி அமர்ந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். அன்று பகற்சோற்றை மிச்சமின்றி உண்டாள்.

மாமியும் அதைக் கண்டார். "அல்லாட புதுமையே! மனிசப் புள்ளையும் இவ்வளவு கெதியாப் பழகாதே!" என்றார்.

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது என்னவென்று அவருக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். றஹீமா குனிந்து முயலின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்றாடத் தொழுகைக்கு எங்கள் வீட்டில் துணி விரிப்புத்தான். பன்பாய்கள் சுருட்டி உயரே பரணில் கிடந்தன. பெட்டிக்கு வெளியே ஒரு பாயை அந்த முயல் அதுவரை கண்டதே இல்லை. என் கொள்கை பிழையாகாமல் பல மாதம் நின்றதன் இரகசியம் அவ்வளவுதான்.

வீடு பார்க்க வந்தவர்கள்

மாப்பிள்ளை வீட்டார் நசீறாவின் வீட்டைப் பார்க்க வந்தது ஒரு திங்கட்கிழமை பின்னேரம். பெண்ணைப் பெண்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். ஆண்கள் பார்ப்பது வீட்டை. ஹாஜியார் கட்டிமுடியாத சுவரைத் தட்டிப் பார்த்தார். கிணற்று நீரை அள்ளிக் குடித்தார். "வாசல் கிழக்கால வெச்சது நல்லம்," என்றார். சீலைக்குப் பின்னால் மாமி மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

அசர் என்னும் மாலைத் தொழுகை வேளை வந்தது. பரணிலிருந்து புதுப்பாய்களை இறக்கி விறாந்தையில் விரித்தேன். அனைவரும் கை கால் கழுவி வுளூச் செய்யக் கிணற்றடிக்குப் போனோம். திரும்பிவந்தபோது அறைக்கதவு சற்றே திறந்திருந்தது. முயல் முன்பாயின் தலைமாட்டில், காதுகளைப் பின்னால் மடித்து, அசையாமல் அமர்ந்திருந்தது.

அந்த அசைவின்மையை நான் அடக்கமென்று எண்ணினேன். தூக்கிச் சென்று அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். பாயைக் குனிந்து பார்க்கவில்லை. என் மாணாக்கனை நான் அவ்வளவு நம்பினேன்.

பிறகு நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஹாஜியார் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, மீண்டும் வுளூச் செய்து, துணி விரிப்பில் தொழுகையை மீட்டித் தொழுதார். தேநீர் அருந்தும்போது கதவிடுக்கில் முயல் மூக்கை நீட்டியது. அவர் அதைக் கண்டார்.

"ஓகோ, இவருதானா ஆளு?" என்று உரக்கச் சிரித்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வாறம். அதுக்குள்ள இவர ஆணம் காய்ச்சி வைங்க!"

முயற்குழம்பு என்றதும் வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெண் வீட்டில் பகிடி இல்லை

பெண்ணைக் கொடுப்பவர் வீட்டில் மாப்பிள்ளை பகுதியார் சொல்லும் எதுவும் பகிடி, வெறும் விளையாட்டுப் பேச்சு, ஆகாது. மீனில் உப்புக் குறைவு என்றால் அடுத்த முறை வேறு சமையற்காரி. பின்வளவு சிறிது என்றால் வேலியைத் தள்ளிக் கட்ட வேண்டும். நான் மாப்பிள்ளையாக வந்தபோது என் பகுதியார் போகிறபோக்கில் சொன்ன எத்தனை சொற்களுக்கு மாமி இவ்வாறு ஓடியிருப்பார் என்று அன்றுதான் எண்ணிப்பார்த்தேன்.

விருந்தினர் போனதும் மாமி தீர்த்துவிட்டார்.

"அறுத்து ஆக்கினா ஹலால். ஊட்டுக்குள்ள திரிஞ்சா நஜீஸ். அவரு வாய்விட்டுக் கேட்டுட்டுப் போறாரு. இதுக்கு மேல என்ன கதை?"

"உம்மா, அது பகிடிக்கிச் சொன்ன," என்றாள் றஹீமா.

"மாப்புள ஊட்டுக்காரன்ட பகிடியக் கேட்டுச் சிரிச்சிட்டு இரிந்தவள்ட மகள் கலியாணமில்லாமக் குமராத்தான் இரிப்பாள்."

றஹீமா அவ்வளவுதான் பேசினாள். பாயில் பழக்கியது என் யோசனை என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழி முயலிடமிருந்து என்மேல் திரும்பியிருக்கும். நானும் சொல்லவில்லை. அவள் காத்தது என் மானத்தை. நான் காத்ததும் அதையே.

மறுநாள் அவள் ஒரு வழி கண்டாள். "கோபாலபிள்ளை மாஸ்டர்ட ஊட்டுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. ஓடிட்டுதெண்டு உம்மாக்கிட்ட நான் சொல்லுறன்." மாஸ்டர் அந்த வாரம் நெல் அறுவடையான வேளாண்மை வெட்டுக்காக விடுப்பில் ஊரில் நின்றார். வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் போவதாக ஒப்புக்கொண்டேன். கூடையில் புல் பரப்பி அவளே அதைப் படுக்கவைத்தாள்.

நான் கூடையோடு வாசலைக் கடக்கும்போது மாமி வேலியோரம் நின்றார். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை.

"மகன்," என்றார்.

இத்தனை ஆண்டில் முதன்முறையாக.

"எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல. ஒங்கள நம்பித்தான் இந்தக் குமர் இரிக்கி, மகன்."

நெடுஞ்சாலைக்குப் போனேன். தெற்கே போகும் பேருந்து வந்து நின்றது. "அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில்!" என்று நடத்துநர் கூவினார். என்னைக் கண்டதும், "ஏறுங்க மாஸ்டர், சீட் இரிக்கி!" என்றார்.

கூடைக்குள் அது புல்லைக் கொறிக்கும் ஒலி எனக்குக் கேட்டது. கையை அசைத்து, வரவில்லை என்று காட்டினேன். பேருந்து போயிற்று.

ஒரு சொல்லுக்காக அதைச் செய்தேன். அந்த வீட்டில் எனக்கு உபசாரம் இருந்தது, உறவு இல்லை. ஒரு கிழவி போட்ட "மகன்" என்ற சொல்லை இறைச்சித் துண்டைப்போல் கவ்விக்கொண்டு திரும்பினேன். நசீறாவின் கூரையில்லாத வீட்டுக்குள் மாமி கத்தியைக் கழுவி வைத்திருந்தார். அறுத்தவன் நான்.

பிறகு றஹீமாவிடம் போனேன். அந்நாள்களில் தமிழ் ஊர்களுக்கும் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையே அவ்வப்போது பதற்றம் மூளும். பாதையில் மரத்தைக் குறுக்கே போடுவார்கள். பொய் எனக்காக ஆயத்தமாய் இருந்தது.

"பாதைய அடைச்சிட்டாங்க. பஸ் ஓடல்ல," என்றேன்.

அவள் என் சட்டையைப் பார்த்தாள். அதன் கையில் ஒரு துளி இரத்தம் உலர்ந்திருந்தது.

"யாரு அறுத்த?"

"நான்தான்."

"நல்லம்," என்றாள். "வேறாக்கள்ட கையெண்டா வெருண்டிரிக்கும்." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றவும் செய்தாள். "பாதையில்லாட்டி நீங்க என்ன செய்யிற? ஒங்களுக்கு ஒண்டுமில்லாம வந்து சேந்தீங்களே, அது போதும்."

வெள்ளிக்கிழமை விருந்துக்கு வந்த ஹாஜியார் ஆணத்தை முகர்ந்துவிட்டு எது இறைச்சியென்று கேட்டார். சொன்னேன். அவர் கை சோற்றிலேயே நின்றது.

"நான் முயல் தின்னுறல்ல, தம்பி. சின்ன வயசிலயிருந்தே ஒத்துக்காது. அண்டைக்குச் சொன்னது பகிடிக்கி. ஊட்டுல வளத்ததையா அறுத்த?"

கோப்பை அப்படியே குசினிக்குத் திரும்பியது. திருமணம் அன்றே முடிவாயிற்று. முயலை அறுத்திராவிட்டாலும் முடிவாகியிருக்கும்.

சனிக்கிழமை

மறுநாள் முற்பகல் கோபாலபிள்ளை மாஸ்டர் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தோளில் ஒரு கட்டு வத்தாளங்கொடி, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கொடி.

"எங்க தங்கச்சி, என்ட மருமகன்? தோட்டத்துக் கொடி, நல்லாத் தின்னும்."

நான் பேச வாயெடுத்தேன். றஹீமா முந்திக்கொண்டாள். "அது மவுத்தாப் போச்சு, அண்ணன். ஒங்கட ஊட்டுக்குத்தான் அனுப்பப் பாத்த நாங்க. பாதை இல்லாமப் போச்சு."

"பாதையா?" என்றார் அவர். "எப்ப?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையும் நான் கல்முனைக்கு வந்த நான் தங்கச்சி, நெல்லுச் சாக்கு வாங்க. பின்னேர பஸ்ஸிலதான் திரும்பிப் போன. கிழமை முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லியே."

பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். "சில நேரம் இஞ்சால் பக்கம் ஏதும் இருந்திருக்கும், எனக்குத் தெரியா," என்று சேர்த்துக்கொண்டார்.

றஹீமா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். சீனி போதுமா என்று கேட்டாள். வெட்டு முடிந்ததா, மனைவி சுகமா என்றெல்லாம் கேட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. அவர் போன பிறகும் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதால் மன்னித்துவிடுவாள். அது தெரிந்துதான் கேட்கவில்லை போலும்.

பின்னர் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நசீறா தன் வீட்டில் குடியேறினாள். மாமி சாகும்வரை என்னை மீண்டும் "மருமகன்" என்றே அழைத்தார். மீனின் நடுத்துண்டு எனக்கே வந்தது. றஹீமா என்னோடு ஒருநாளும் சண்டையிட்டதில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளில் பாதை மெய்யாகவே பலமுறை அடைபட்டது. ஒருநாள் பாடசாலையை இடையில் விட்டுவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்று சொன்னேன்: "பாதைய அடைச்சிட்டாங்க. புள்ளையள உள்ள எடு."

"ஓம்," என்றாள் றஹீமா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே கேட்டு, மெய்தான் என்று அறிந்து, திரும்பிவந்த பிறகே பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைப் பூட்டினாள்.